அண்டை ரவுட்டர் விழும் நாளில் எஃப்ஆர்ஆர்: ஒரு மதிப்பீடு

ரவுட்டிங் மென்பொருளை மதிப்பிடுகிறவர்கள் அது எத்தனை நெறிமுறைகளைப் பேசுகிறது, எத்தனை லட்சம் வழிகளைத் தாங்குகிறது என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலான ஓஎஸ்பிஎஃப் (ஒரே நெட்வொர்க்குக்குள் வழிகளைப் பகிரும் நெறிமுறை) உறவோ பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கு இடையே வழிகளைப் பகிரும் நெறிமுறை) அமர்வோ நிலைகொள்ளாமல் விழுவதும் எழுவதுமாக இருக்கும்போது, அது ஏன் விழுந்தது என்பதை லினக்ஸில் ஓடும் ரவுட்டிங் மென்பொருளான எஃப்ஆர்ஆர் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எந்த ரவுட்டிங் மென்பொருளும் நல்ல மென்பொருள்தான்.

எஃப்ஆர்ஆர் திடீரென்று முளைத்ததல்ல. 1996இல் தொடங்கிய ஜிஎன்யு ஜீப்ரா, அதிலிருந்து கிளைத்த குவாகா, குவாகாவின் வளர்ச்சி வேகம் போதவில்லை என்று பிரிந்து வந்த பல நிறுவனங்களின் பொறியாளர்கள் 2017இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் அறிவித்த எஃப்ஆர்ஆர் என்று அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வையோஸ், சோனிக், க்யூமுலஸ் லினக்ஸ் ஆகியவற்றின் உள்ளே ரவுட்டிங் வேலையைச் செய்வது இதுவே. பிஎஃப்சென்ஸில் கூடுதல் தொகுப்பாக நிறுவிக்கொள்ளலாம். ஆகவே எஃப்ஆர்ஆர் என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே அதைப் பயன்படுத்துகிறவர்கள் பலர். ஒவ்வொரு நெறிமுறைக்கும் தனி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) ஓடுகிறது. அவை கண்டுபிடிக்கும் வழிகளை ஜீப்ரா என்ற டீமன் தொகுத்து லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் விடிஒய்எஸ்எச் என்ற ஒரே கட்டளை முனையிலிருந்து பார்க்கலாம். சிஸ்கோ கட்டளைகளில் பழகிய கை இங்கே தடுமாறாது.

முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா வசதிகளும் அதைச் சரிசெய்த பிறகுதான் பயன்படும். எஃப்ஆர்ஆரில் ‘ட்ரெடிஷனல்’, ‘டேட்டாசென்டர்’ என்று இரண்டு இயல்புநிலைத் தொகுப்புகள் உள்ளன. ட்ரெடிஷனல் தொகுப்பில் அண்டை உறவு மாறியதைப் பதிவுசெய்யும் வசதி ஓஎஸ்பிஎஃப், பிஜிபி இரண்டுக்குமே அணைந்த நிலையில் வருகிறது. அதாவது நள்ளிரவில் ஓர் உறவு விழுந்து ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டால், காலையில் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவேட்டை, திறப்பவருக்கு அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். ‘லாக் அட்ஜசென்சி சேஞ்சஸ் டீடெயில்’ என்ற வரியை ஓஎஸ்பிஎஃப் பகுதியிலும், ‘பிஜிபி லாக் நெய்பர் சேஞ்சஸ்’ என்ற வரியை பிஜிபி பகுதியிலும் எழுதிய பிறகே மென்பொருள் வாய் திறக்கிறது. அதோடு லாகின் நேரமுத்திரையை மைக்ரோ விநாடி அளவுக்கு நுணுக்கமாக்கும் ‘லாக் டைம்ஸ்டாம்ப் பிரெசிஷன் 6’ என்ற வரியையும் சேர்த்துவிட வேண்டும். இரண்டு முனைகளின் லாகுகளை அருகருகே வைத்து எது முந்தியது என்று பார்க்கும்போது முழு விநாடிகள் போதுவதில்லை. இந்த மூன்று வரிகளும் இயல்பாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவற்றை எழுதிவிட்டால் ஓஎஸ்பிஎஃப் பக்கத்தில் கிடைக்கும் தகவல் மிகச் செறிவானது. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ என்று கேட்டால் வரும் அட்டவணையில் அண்டை ரவுட்டரின் நிலை மட்டுமின்றி, அந்த உறவு எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, டெட் டைமரில் (ஹெலோ என்ற நலச்செய்தி வராவிட்டால் உறவை முறிக்கும் கடிகாரத்தில்) இன்னும் எவ்வளவு மிச்சம், மறுமுறை அனுப்பக் காத்திருக்கும் பட்டியல் எவ்வளவு நீளம் என்பனவும் வருகின்றன. டெட் டைம் பத்தியைச் சில நிமிடங்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு நல்ல சோதனை. பிராட்காஸ்ட் இணைப்புகளில் ஹெலோ இடைவெளி 10 விநாடி, டெட் இடைவெளி 40 விநாடி என்பது இயல்பு. எனவே நலமாக இருக்கும் உறவில் இந்த எண் 40க்கும் 30க்கும் இடையிலேயே ஊசலாடும். அது அவ்வப்போது 20ஐத் தொட்டுத் திரும்பினால், உறவு இன்னும் விழவில்லை என்றாலும் ஹெலோ பாக்கெட்டுகள் வழியில் தொலைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். தொடர்ந்து நான்கு ஹெலோக்கள் தொலைந்தால்தான் உறவு முறியும் என்பதால், மாதக்கணக்கில் நோயைச் சுமந்துகொண்டு நலமாகத் தோற்றமளிக்கும் இணைப்புகள் உண்டு. அவற்றை இந்தப் பத்தி காட்டிக்கொடுக்கிறது.

இதே கட்டளையோடு ‘டீடெயில்’ என்று சேர்த்தால் வரும் வெளியீட்டில்தான் எஃப்ஆர்ஆர் தன் உண்மையான மதிப்பைக் காட்டுகிறது. நிலை இதுவரை எத்தனை முறை மாறியது, கடைசியாக முன்னேறியது எப்போது, கடைசியாகப் பின்வாங்கியது எப்போது, எந்த நிகழ்வால் பின்வாங்கியது என்று அது எழுதிக் காட்டும். இந்த வெளியீட்டிலோ லாகிலோ வரும் அந்த நிகழ்வின் பெயரை மேலோட்டமாகப் படித்துக் கடந்துவிடக் கூடாது. ‘இன்ஆக்டிவிட்டி டைமர்’ என்று இருந்தால் அண்டை ரவுட்டரின் ஹெலோ நமக்கு வரவில்லை. ‘ஒன்-வே ரிசீவ்டு’ என்று இருந்தால் அவர்களின் ஹெலோ நமக்கு வந்தது, ஆனால் அதில் நம் பெயர் இல்லை; அதாவது நாம் அனுப்புவது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பழுது வரும் திசையிலா போகும் திசையிலா என்பதை இந்த ஒற்றைச் சொல்லே பிரித்துக் காட்டிவிடுவதால், கண்ணாடி இழையின் எந்தப் புரியைச் சோதிப்பது, எந்த முனையின் ஃபயர்வாலைத் திறந்து பார்ப்பது என்ற வீண் விவாதங்கள் குறைகின்றன. ‘எல்எல் டவுன்’ என்று இருந்தால் அண்டை ரவுட்டரை எட்ட முடியவில்லை என்று கீழ்மட்ட இணைப்பே சொல்லியிருக்கிறது. ரவுட்டிங்கில் தேடுவதை நிறுத்திவிட்டுக் கேபிளைப் பார்க்கப் போகலாம்.

உறவு எந்த நிலையில் சிக்கி நிற்கிறது என்பதும் இதே அளவுக்குப் பேசும். 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த நிலைகளை எஃப்ஆர்ஆர் அப்படியே காட்டுகிறது. பிராட்காஸ்ட் இணைப்பில் ஹெலோ 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது; அதற்குப் பின் நடக்கும் தரவுத்தள விவரப் பரிமாற்றம் நேரடி முகவரிக்குப் போகிறது. ஆகவே உறவு ‘இனிட்’ நிலையில் (அவர்களின் ஹெலோ வந்தும் அதில் நம் பெயர் இல்லாத நிலையில்) நின்றால் மல்டிகாஸ்ட் ஒரு திசையில் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிங் சரியாகப் போகிறதே என்ற வாதம் அங்கே செல்லாது, ஏனெனில் பிங் மல்டிகாஸ்டைச் சோதிப்பதில்லை. ‘டூ-வே’ நிலையில் (இரு பக்கமும் ஹெலோ கேட்டும் தரவுத்தளப் பரிமாற்றம் தொடங்காத நிலையில்) நிற்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. ஒரே ஸ்விட்சில் நான்கைந்து ரவுட்டர்கள் இருந்தால், தலைமை ரவுட்டரும் அதன் மாற்றும் அல்லாத மற்றவை தங்களுக்குள் டூ-வே நிலையிலேயே நிற்பதுதான் முறை. அதில் பழுதொன்றும் இல்லை.

தரவுத்தளப் பரிமாற்றத்தின் தொடக்கமான ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையில் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எம்டியு (ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய உச்ச அளவு) முரண்பாடு. தரவுத்தள விவரப் பாக்கெட்டில் அனுப்புகிறவர் தன் இன்டர்ஃபேஸின் எம்டியுவை எழுதி அனுப்புகிறார். அது தன்னால் ஏற்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் பெறுகிறவர் பாக்கெட்டை நிராகரிக்கிறார். இங்கே எஃப்ஆர்ஆர் எழுதும் எச்சரிக்கை மெச்சத்தக்கது: அண்டை ரவுட்டரின் எம்டியு இவ்வளவு, அது இந்த இன்டர்ஃபேஸின் எம்டியுவான இவ்வளவைவிடப் பெரியது என்று இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுகிறது. ஹெலோ இடைவெளி பொருந்தாதபோதும் எதிர்பார்த்த எண்ணையும் வந்த எண்ணையும் இதேபோல் எழுதும். ஆனால் எம்டியு எச்சரிக்கை சிறிய எம்டியு உள்ள முனையில் மட்டுமே பதிவாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்; பெரிய எம்டியு உள்ள முனையின் பார்வையில் எந்தப் பாக்கெட்டும் தவறானதல்ல, பதில்தான் வரவில்லை. ஒரு முனையின் லாகை மட்டும் படித்துவிட்டு ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் தவறான முனையில் நிற்கிறார்கள், அவ்வளவே.

இதற்கு மருந்தாக ‘எம்டியு இக்னோர்’ என்ற வரி எஃப்ஆர்ஆரிலும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோதனையை அணைத்துவிட்டால் உறவு முழுமையடைந்த ‘ஃபுல்’ நிலைக்கு வந்துவிடும். ஆனால் பெரிய பாக்கெட்டுகள் இணைப்பைக் கடக்க முடியாத நிலை அப்படியே இருக்கும். அதன் பிறகு நெட்வொர்க் வளர்ந்து, வழிநிலை அறிவிப்புகள் பெரிய பாக்கெட்டுகளாகப் போகத் தொடங்கும் ஒரு நாளில், மறுமுறை அனுப்பும் பட்டியல் காலியாகாமல் தேங்கும். நெய்பர் அட்டவணையின் கடைசியில் இருக்கும் மூன்று சிறிய பத்திகளில் முதலாவது அந்தப் பட்டியலின் நீளம்தான். அங்கே பூச்சியம் அல்லாத எண் நிலையாக நின்றால் நாம் அனுப்புவதற்கு ஒப்புகை வரவில்லை என்று பொருள். பலர் அந்தப் பத்திகளைப் படிப்பதே இல்லை. தலைப்புகள் அவ்வளவு சுருக்கமாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு வகைச் சிக்கலில் நெய்பர் அட்டவணை உதவுவதில்லை. ஒரே ஏரியாவில் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஒரு பகுதியில்) ஒன்றையொன்று நேரடியாகப் பார்க்காத இரண்டு ரவுட்டர்கள், தனித்திருக்க வேண்டிய அடையாள எண்ணான ரவுட்டர் ஐடியை ஒரே மாதிரி கொண்டிருந்தால், எல்லா உறவுகளும் ‘ஃபுல்’ என்றே காட்டும், வழிகள் மட்டும் வந்து வந்து போகும். ஒருவரின் அறிவிப்பை மற்றவர் தன்னுடைய பழைய அறிவிப்பு என்று எண்ணித் திருத்தி வெளியிடுவார். அவர் திருத்தியதை இவர் மீண்டும் திருத்துவார். இதைக் கண்டுபிடிக்க ஓஎஸ்பிஎஃப் தரவுத்தளத்தில் அந்த ரவுட்டரின் அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதன் வயதையும் வரிசை எண்ணையும் பார்க்க வேண்டும். சாதாரணமாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அறிவிப்பின் வயது எப்போது பார்த்தாலும் சில விநாடிகளிலேயே இருந்து, வரிசை எண் நில்லாமல் ஏறிக்கொண்டிருந்தால் இரட்டை ஐடி என்று சந்தேகிக்கலாம். ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அப்படியே நகலெடுத்து இரண்டாவது ரவுட்டரை உருவாக்கும் வழக்கம் பெருகிவிட்ட காலத்தில் இது அரிதான பழுதல்ல. ரவுட்டர் ஐடியைக் கைப்பட எழுதாவிட்டால் எஃப்ஆர்ஆர் தானாக ஓர் இன்டர்ஃபேஸ் முகவரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வரியை எழுதாமல் எந்த ரவுட்டரையும் வேலைக்கு விடக் கூடாது.

பிஜிபி பக்கத்துக்கு வந்தால் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை ‘ஷோ பிஜிபி சம்மரி ஃபெயில்டு’. விழுந்து கிடக்கும் அமர்வுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை எழுந்தது, எத்தனை முறை விழுந்தது, கடைசியாக விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன காரணம் என்று ஒரே வரியில் தருகிறது. நூற்றுக்கணக்கான அமர்வுகள் உள்ள ரவுட்டரில் இதன் அருமை தெரியும். காரணப் பத்தியில் வரும் சொற்களும் பொதுவாகப் பயனுள்ளவையே: இன்டர்ஃபேஸ் விழுந்தது, பிஎஃப்டி (முறிவை விரைந்து கண்டறியும் துணை நெறிமுறை) விழுந்ததாகச் சொன்னது, எதிர்முனையின் ஓப்பன் செய்திக்குக் காத்திருக்கிறது, முகவரிக் குடும்பம் எதுவும் இயக்கப்படவில்லை என்பன போல.

தனி அமர்வின் விவரத்தைக் கேட்டால் கடைசி முறிவுக்குக் காரணமான நோட்டிஃபிகேஷன் நாம் அனுப்பியதா, நமக்கு வந்ததா என்பதும் தெரிகிறது. ஹோல்ட் டைமர் (எதிர்முனையிலிருந்து செய்தி வராமல் காத்திருக்கும் உச்ச நேரம்) தீர்ந்தது என்ற செய்தியை நாம் அனுப்பியிருந்தால் எதிர்முனையின் குரல் நமக்குக் கேட்கவில்லை. நமக்கு வந்திருந்தால் நம் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. ‘சீஸ்’ வகைச் செய்தி வந்திருந்தால் அதன் உட்பிரிவைப் பார்க்க வேண்டும்; வழிகளின் எண்ணிக்கை வரம்பை மீறியதால் எதிர்முனை வேண்டுமென்றே அறுத்திருக்கலாம், அல்லது அவர்களின் பொறியாளர் பராமரிப்புக்காக அமர்வை மூடியிருக்கலாம்.

பிஜிபியில் நிலையின்மை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதன் தாளம். எஃப்ஆர்ஆரின் ட்ரெடிஷனல் தொகுப்பில் கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் செய்தி) 60 விநாடி, ஹோல்ட் டைமர் 180 விநாடி. டேட்டாசென்டர் தொகுப்பில் அவை 3, 9. அமர்வு எழுந்து, ஏறத்தாழச் சரியாக மூன்று நிமிடம் நின்று, ஹோல்ட் டைமர் தீர்ந்து விழுந்து, மீண்டும் எழுந்து மீண்டும் மூன்று நிமிடத்தில் விழுந்தால், அது எம்டியு பள்ளத்தின் கையெழுத்து. நடப்பது இதுதான்: ஓப்பன், கீப்அலைவ் ஆகியவை சிறிய பாக்கெட்டுகள், எளிதாகக் கடந்துவிடும், அமர்வு நிலைபெற்றதும் வழிகளைச் சுமந்த பெரிய அப்டேட் பாக்கெட்டுகள் கிளம்பும், இடையில் ஜிஆர்இ சுரங்கம் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்துக் கடத்தும் இணைப்பு) ஒன்று இருந்து அதன் எம்டியு 1476 ஆகவும், அதைத் தெரிவிக்க வேண்டிய ஐசிஎம்பி செய்தி வழியில் தடுக்கப்பட்டும் இருந்தால், 1500 பைட் பாக்கெட் சத்தமில்லாமல் மறையும். டிசிபி என்பது வரிசை தவறாத ஓடை என்பதால், தொலைந்த பாக்கெட்டுக்குப் பின்னால் நிற்கும் கீப்அலைவ்கள் எதிர்முனைக்கு வந்து சேர்ந்தாலும் பிஜிபியின் கைக்குக் கிடைக்காது. ஒற்றையடிப் பாதையில் வண்டி குடைசாய்ந்தால் பின்னால் வருகிறவர் யாராயினும் நிற்க வேண்டியதுதான். எஃப்ஆர்ஆரின் சம்மரி அட்டவணையில் அவுட்கியூ என்ற பத்தி அப்போது பூச்சியத்துக்கு இறங்காமல் நிற்கக்கூடும். லினக்ஸின் ‘எஸ்எஸ்’ கட்டளையில் அந்த இணைப்பின் மறுஅனுப்பு எண்ணிக்கை ஏறுவதையும் பார்க்கலாம்.

இதற்குத் தீர்வு எஃப்ஆர்ஆருக்குள்ளேயே இருக்கிறது: அண்டை ரவுட்டர் வாரியாக டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) எண்ணைக் குறைத்து எழுத ஒரு வரி உண்டு. லினக்ஸில் டிசிபி எம்டியு தேடலை இயக்கிவிடுவதும் ஒரு வழி. ஆனால் ஐசிஎம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கும் ஃபயர்வாலைத் திருத்துவதுதான் முறையான சிகிச்சை.

சுரங்கங்களோடு வரும் இன்னொரு வியாதியைப் பற்றி எஃப்ஆர்ஆர் வாய் திறந்து சொல்வதில்லை. சுரங்கத்தின் மறுமுனை முகவரிக்கான வழியையே அந்தச் சுரங்கத்தின் வழியாகக் கற்றுக்கொண்டால், சுரங்கம் தன்னைத் தானே விழுங்கிக்கொள்ளும். உறவு எழுகிறது, வழி கற்கப்படுகிறது, அந்த வழி சுரங்கத்தைக் குலைக்கிறது, உறவு விழுகிறது, வழி நீங்குகிறது, சுரங்கம் மீள்கிறது. லாகில் டைமர் தீர்ந்தது என்று மட்டுமே வரும். ஜீப்ராவுக்குக் கெர்னல் வழிகளும் இன்டர்ஃபேஸ்களும் தெரியும் என்பதால் இதைக் கண்டறிந்து எச்சரிக்கும் வாய்ப்பு அதற்கு இருக்கிறது. அது இல்லாதது ஒரு குறை. சுரங்க முனைக்கு நிலையான வழி ஒன்றை எழுதி வைப்பது, அல்லது அந்த முகவரியைச் சுரங்கத்தின் வழியாக ஏற்காமல் வடிகட்டுவது நம் பொறுப்பாகிறது.

நிலையின்மை போலத் தோன்றி அப்படி அல்லாத ஒன்றும் உண்டு. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 வெளி நெட்வொர்க்கைச் சேர்ந்த அண்டை ரவுட்டரோடு, எவ்வழிகளை ஏற்பது, அனுப்புவது என்ற கொள்கை எதுவும் எழுதப்படாவிட்டால் வழிகளை ஏற்கவோ அனுப்பவோ கூடாது என்கிறது. எஃப்ஆர்ஆர் 7.4 முதல் ட்ரெடிஷனல் தொகுப்பில் இது இயல்பாக இயங்குகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள் அமர்வு நிற்கிறதே, வழி ஏன் வரவில்லை என்று குழம்புவார்கள். சம்மரியில் எண் வர வேண்டிய இடத்தில் ‘பாலிசி’ என்ற சொல் நின்றால் விஷயம் அதுதான்.

மென்பொருளின் சொந்தப் பிழையால் அமர்வுகள் விழுந்த வரலாறும் இல்லாமல் இல்லை. அதை மறைத்து எழுதும் மதிப்பீடு நேர்மையானதாக இராது. 2023இல் வெளியான சிவிஇ-2023-38802 என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக் குறிப்பின்படி, 7.5.1 முதல் 9.0 வரையிலான எஃப்ஆர்ஆர் பதிப்புகளில், சிதைந்த டனல் என்காப்சுலேஷன் பண்பை (வழியோடு சேர்ந்து வரும் கூடுதல் தகவலை) சுமந்த ஓர் அப்டேட் செய்தியால் சேவை தடைபடும் நிலை இருந்தது. இத்தகைய பழுதின் கொடுமை என்னவென்றால், அந்தச் செய்தி எங்கோ தொலைவில் பிறந்து, அந்தப் பண்பைப் புரிந்துகொள்ளாத இடை ரவுட்டர்களால் அப்படியே கடத்தப்பட்டு, புரிந்துகொள்ளும் ரவுட்டரிடம் வந்து வெடிக்கிறது. அமர்வு அறுந்து மீண்டும் எழுந்தால் அதே வழி மீண்டும் வருகிறது, மீண்டும் அறுகிறது. தவறான பண்பைக் கண்டால் அமர்வை அறுக்காமல் அந்த வழியை மட்டும் திரும்பப் பெற்றதாகக் கொள்ள வேண்டும் என்று 2015இலேயே ஆர்எஃப்சி 7606 சொல்லியிருந்தது. ஆகவே பல அமர்வுகள் ஒரே நேரத்தில், அப்டேட் செய்திப் பிழை என்ற நோட்டிஃபிகேஷனோடு விழத் தொடங்கினால், கேபிளையும் எதிர்முனையையும் விட்டுவிட்டு முதலில் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும்.

பிஎஃப்டியைப் பற்றி என் கருத்து கலவையானது. ஹெலோ தீரும்வரை காத்திராமல் நொடிக்குள் முறிவைக் கண்டறிவதற்காக 2010இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்த நெறிமுறை இது. எஃப்ஆர்ஆரின் இயல்பு 300 மில்லி விநாடி இடைவெளி, மூன்று தவறினால் முறிவு. அதாவது 900 மில்லி விநாடி. பிஎஃப்டி டீமன் சாதாரணப் பயனர் வெளியில் ஓடும் நிரல் என்பதால், நெருக்கடி மிகுந்த மெய்நிகர் இயந்திரத்தில் செயலிக்கான முறை வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிட வாய்ப்புண்டு. இணைப்பு நலமாக இருக்கும், பிஎஃப்டி மட்டும் பொய்ச்சாவு அறிவிக்கும், அதை நம்பி பிஜிபியும் ஓஎஸ்பிஎஃப்பும் தம் உறவுகளை முறித்துக்கொள்ளும். இதைப் பிரித்தறிய ‘ஷோ பிஎஃப்டி பீர்ஸ்’ வெளியீட்டில் உள்ளூர் நோய்க்குறி, எதிர்முனை நோய்க்குறி என்று இரண்டு வரிகள் உள்ளன. நம் பக்கம் கண்டறியும் நேரம் தீர்ந்தது என்றும் எதிர்ப்பக்கம் அண்டை ரவுட்டர் முறிவைத் தெரிவித்தது என்றும் இருந்தால் முதலில் முறித்தது நாம்தான். பகிரப்பட்ட இயந்திரங்களில் இடைவெளியை ஒரு விநாடிக்கு உயர்த்திவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்குப் பலமுறை பொய்யாக முறிவதைவிட, உண்மையான முறிவை மூன்று விநாடி தாமதமாக அறிவது எந்த நெட்வொர்க்குக்கும் மேல்.

எஃப்ஆர்ஆரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: அது லினக்ஸின் மேல் ஓடுகிறது. தனிப்பெட்டி ரவுட்டரில் ஒரே லாகில் வந்துவிடும் செய்திகள் இங்கே இரண்டு இடங்களில் சிதறுகின்றன. ரிவர்ஸ் பாத் ஃபில்டர் (பாக்கெட் வந்த வழியிலேயே பதிலும் போகுமா என்று சரிபார்க்கும் கெர்னல் வசதி) கடுமையான நிலையில் இருந்து சமச்சீரற்ற பாதையில் வந்த பாக்கெட்டைக் கெர்னல் கைவிட்டால் எஃப்ஆர்ஆருக்கு அது வந்ததே தெரியாது. ஃபயர்வால் விதியில் ஓஎஸ்பிஎஃப்பின் ஐபி நெறிமுறை எண்ணான 89ஐ அனுமதிக்க மறந்துவிட்டால் ஓஎஸ்பிஎஃப் பேச்சே எழாது. கெர்னலின் அண்டை முகவரி அட்டவணையின் மேல்வரம்பு இயல்பாக 1024 பதிவுகள். பெரிய லேயர் 2 பரப்பில் அது நிரம்பிவிட்டால் சில அமர்வுகள் காரணமே இல்லாததுபோல் விழும், அதற்கான செய்தி கெர்னல் லாகில்தான் கிடக்கும். ஓர் இடத்தில் மட்டும் எஃப்ஆர்ஆர் தன் எல்லையைத் தாண்டி உதவுகிறது. மல்டிகாஸ்ட் குழுவில் சேர முடியாமல் போனால், கெர்னலின் குழு உறுப்பினர் வரம்பு மீறப்பட்டிருக்கலாமோ என்று தன் ஊகத்தையும் சேர்த்தே லாகில் எழுதுகிறது. லினக்ஸில் அந்த வரம்பு இயல்பாக 20. மற்ற எச்சரிக்கைகளும் இந்த மனப்பான்மையோடு எழுதப்பட்டிருந்தால் இந்த மதிப்பீட்டில் பாதிக் குறைகள் இருந்திருக்காது.

வாட்ச்எஃப்ஆர்ஆர் என்ற காவலன் டீமனைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மற்ற டீமன்கள் பதிலளிக்கின்றனவா என்று தொடர்ந்து கேட்டு, அளிக்காததை அது மறுதொடக்கம் செய்யும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நினைவகப் பற்றாக்குறையில் திணறும் இயந்திரத்தில் பிஜிபி டீமன் மறுதொடங்கப்பட்டால், எதிர்முனையில் இருப்பவருக்கு அது இணைப்பின் நிலையின்மையாகவே தெரியும். எல்லா அமர்வுகளும் ஒரே நொடியில் விழுந்திருந்தால் முதலில் இதன் லாகைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கட்டமைப்பு மாற்றங்களைப் புகுத்தும் மறுஏற்ற நிரலும் அப்படித்தான்: ஓடும் நிலைக்கும் ஃபைலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கவும் சேர்க்கவும் செய்யும் அது, சில வரிகளை நீக்கும்போது அமர்வையும் சேர்த்து அறுத்துவிடக்கூடும். அதில் வெறும் சோதனை ஓட்டம் ஒன்றும் உண்டு; என்ன செய்யப்போகிறது என்று பட்டியலிட்டுக் காட்டும். பணிநேரத்தில் அதைப் பார்க்காமல் மறுஏற்றம் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

டீபக் வசதிகள் தாராளம். ஹெலோ பாக்கெட்டுகளை மட்டும், நிலை மாற்றங்களை மட்டும், கீப்அலைவ்களை மட்டும் என்று தனித்தனியாகத் திறந்து பார்க்கலாம். பெரும்பாலான ஷோ கட்டளைகளின் இறுதியில் ‘ஜேசன்’ என்று சேர்த்தால் நிரல்கள் படிக்கும் வடிவில் வெளியீடு கிடைக்கும். டெட் டைம் பத்தியையும் மறுஅனுப்புப் பட்டியலையும் நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேமிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்தால், உறவு விழுவதற்கு முன்பே அறிகுறிகளை வரைபடத்தில் காணலாம். தனிப்பெட்டி ரவுட்டர்கள் சிலவற்றில் இதே தகவலுக்காகத் திரையைச் சுரண்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மாற்று என்று பார்த்தால் செக் நாட்டின் சிஇசட்.நிக் பராமரிக்கும் பேர்டு மென்பொருளைச் சொல்ல வேண்டும். இணையப் பரிமாற்ற மையங்களில் வழிகளைப் பகிரும் ரூட் சர்வர்களில் அதற்கு நல்ல செல்வாக்கு. அதன் வடிகட்டி மொழி எஃப்ஆர்ஆரின் வடிகட்டும் விதிகளான ரூட்-மேப்பைவிடப் படிக்க இனிமையானது. பிஜிபி மட்டுமே தேவைப்படுகிற, வடிகட்டல் சிக்கலாக இருக்கிற இடத்தில் நான் பேர்டைத்தான் சொல்வேன். ஆனால் ஓஎஸ்பிஎஃப் உறவு ஒன்று ஏன் முறிகிறது என்று தேடும் வேலையில், கடைசிப் பின்வாங்கலின் காரணத்தை நேரடியாக எழுதிக் காட்டும் எஃப்ஆர்ஆரே என் கைக்கு வசதியாக இருக்கிறது.

நிறுவ விரும்புகிறவர்கள் லினக்ஸ் வினியோகத்தோடு வரும் பழைய தொகுப்பை விட்டுவிட்டு, எஃப்ஆர்ஆர் திட்டமே நடத்தும் டெபியன் அல்லது ரெட் ஹேட் களஞ்சியத்திலிருந்து எடுப்பது நல்லது. மேலே சொன்ன பண்புப் பிழை போன்றவற்றின் திருத்தங்கள் அங்கேதான் விரைவில் கிடைக்கும். நிறுவியதும் டீமன்கள் என்ற ஃபைலில் தேவையான நெறிமுறைகளை இயக்கி, லாக் வரிகளையும் ரவுட்டர் ஐடியையும் எழுதிவிட வேண்டும். உதவி கேட்டு மற்றவரிடம் போகும் நிலை வந்தால், சப்போர்ட் பண்டில் என்ற கட்டளை தேவையான வெளியீடுகளை எல்லாம் ஒரே மூச்சில் திரட்டிக் கொடுக்கும். உறவு விழுந்து கிடக்கும்போதே அதை ஓட்டிவிடுங்கள். டீமனை மறுதொடங்கிய பிறகு ஓட்டினால் நிலை மாற்றங்களின் எண்ணிக்கையும் கடைசிக் காரணமும் அழிந்துபோயிருக்கும்.